மஞ்சள் சுவருக்கு என்ன நிறக் கேர்ட்டின்? அம்மா மெரூன், மனுசன் சாம்பல், நான் நடுவில்

முதிரைக்கதவு (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வேலை ஒருவழியாக முடிந்தது. ஆவணியில் குடிபூரல். பெயின்ட் அடித்தாயிற்று, டைல்ஸ் பதித்தாயிற்று, மிச்சம் கேர்ட்டின் மட்டும்தான். அதில்தான் வீடு மூன்றுபட்டுக் கிடக்கிறது.

இது அம்மா எனக்குத் தந்த சீதன வீடு. ஆகவே அவருக்கு ஒரு சொல் உரிமை இருக்கிறது, மறுக்க முடியாது. அவர் சொல்வது மெரூன். "பிள்ளையள் கை துடைச்சாலும் தெரியாது" என்கிறார். மனுசன் போனில் ஏதோ படம் பார்த்துவிட்டு சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு வெள்ளை விருப்பம். வாயெடுத்து முடிக்கவில்லை, "செத்தவீட்டுக்கா துணி கட்டப்போறாய்?" என்று அம்மா கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் வெள்ளையைப் பற்றிப் பேசவில்லை.

விபரம் இதுதான். ஹோல் 18 அடிக்கு 12 அடி. சுவர் வெளிர் மஞ்சள். அட்டையில் வெண்ணெய் மாதிரி இருந்தது, நாலு சுவரிலும் அடித்த பிறகு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. தரை வெளிர் கபிலம். செற்றி கடும் கபில ரெக்சின். யன்னல் நிலை, கதவு எல்லாம் முதிரை மரம், வார்னிஷ் அடித்தது. யன்னல் இரண்டு, ஒன்று கிழக்கே கடல் பக்கம், மற்றது மேற்கே வாவிப் பக்கம். இரண்டும் 5 அடி அகலம். என்ன நிறம் போடலாம்?

கச்சான்காற்று (செங்கலடி)

சாம்பலுக்கு என் ஓட்டு. உங்கள் மனுசனிடம் சொல்லிவிடுங்கள், உலகத்தில் ஒருவனாவது அவர் பக்கம் இருக்கிறான் என்று.

ஊசிநூல் (ஆரையம்பதி)

தங்கச்சி, நிறத்தைக் கொஞ்சம் அங்கால வையுங்கள். 20 வருடமாகக் கேர்ட்டின் தைக்கிறேன். துணியை வாங்கிக்கொண்டு வந்து "அக்கா, கடையில் வேற நிறமா இருந்தது" என்று சொல்லாத ஆளை நான் கண்டது குறைவு.

கேர்ட்டின் சுவர் மாதிரி இல்லை. சுவரில் வெளிச்சம் முன்னுக்கிருந்து விழும். கேர்ட்டினில் பகல் முழுக்கப் பின்னுக்கிருந்து வரும், துணிக்குள்ளால் வடிந்து வரும். பொழுதுபட்டு லைட்டைப் போட்டால்தான் அதுவும் சுவர் மாதிரி ஆகும். ஆகவே ஒரே துணியை இரண்டு தரம் தெரிவு செய்ய வேண்டும், பகலுக்கு ஒருதரம், இரவுக்கு ஒருதரம். கடையில் துணியை மேசையில் விரித்துக் காட்டுவார்கள். அது இரவு நிறம். பகல் நிறம் பார்க்க வேண்டுமென்றால் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மெரூன் பற்றி ஒன்று. ஒரு வீட்டுக்கு மெல்லிய பொலியெஸ்டர் மெரூன் தைத்துக் கொடுத்தேன். மேற்குப் பக்க யன்னல். கொண்டுபோய்க் கொழுவின அன்று அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள், பின்னேரம் மூன்று மணி இருக்கும். கோப்பையில் போட்ட வெள்ளைச் சோறு சிவப்பரிசிச் சோறு மாதிரித் தெரிந்தது. ஆட்களின் முகமும் அப்படித்தான். ஆறு மாதத்தில் கழற்றிவிட்டார்கள்.

முதிரைக்கதவு

அக்கா, சோற்றுக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தடிச்ச துணியா வாங்கினாச் சரி" என்றார். லேசில் விடுகிற ஆளில்லை.

வாவிக்கரை_லண்டன்

அக்கா சொன்ன வெளிச்ச விசயம் மிகச் சரி. ஒரு சின்ன விதி இருக்கிறது. வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த வெளிச்சம், அதற்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புச் சாயல் போட வேண்டும். தெற்குப் பார்த்த அறையில் நாள் முழுக்க வெயில், அங்கே நீலம், சாம்பல், பச்சை. இங்கே எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், நன்றாக வந்திருக்கிறது.

நிலஅளவை (மட்டக்களப்பு)

அண்ணன், அது உங்கள் ஊருக்குச் சரி. லண்டன் 51 பாகை வடக்கில் இருக்கிறது, மத்தியானச் சூரியன் அங்கே எப்போதும் தெற்கு வானத்தில்தான் நிற்கும். நாங்கள் 7.7 பாகையில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முந்தி சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும், செப்டெம்பர் தொடக்கத்தில் திரும்பவும் வரும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். இந்த ஆடி மாதத்தில் வடக்கு யன்னலுக்குத்தான் வெயில் படும், தெற்கு யன்னல் நிழலில். மார்கழியில் தலைகீழ். சூரியன் தெற்கே 31 பாகை சரிந்து நிற்கும்.

ஆகவே வடக்கு தெற்கு பார்த்து நிறம் சொல்கிற விதியை வல்லிபுரக் கோயில் தேர்க்கயிறு மாதிரி எல்லா ஊருக்கும் இழுத்துக்கொண்டு போக முடியாது. மட்டக்களப்பில் பிரச்சினை கிழக்கும் மேற்கும்தான். கிழக்கு யன்னலில் காலை 6 மணியிலிருந்தே வெயில், ஆனால் 10 மணிக்கெல்லாம் மேலே ஏறிவிடும். மேற்கில் 2 மணிக்குப் பிறகு தாழ்ந்து வருகிற வெயில், கல்லடியில் அதற்கு மேலே வாவித் தண்ணீரிலிருந்து தெறிக்கிற வெளிச்சமும் சேரும். கிழக்கும் மேற்கும் ஒரே அறையில் இருக்கிறபடியால் முதிரைக்கதவுக்கு இரண்டு தலையிடி.

வாவிக்கரை_லண்டன்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஊரை விட்டு வந்து அவ்வளவு காலம் ஆகிவிட்டது, உச்சி வெயிலை மறந்துவிட்டேன்.

சித்திரப்பாடம் (களுவாஞ்சிக்குடி)

பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பலை வைத்தால் அது சாம்பலாகத் தெரியாது. நீலம் பாய்ந்து, கொஞ்சம் ஊதா அடித்துத் தெரியும். துணியில் ஒரு சொட்டு நீலச் சாயமும் இருக்காது, கண்தான் அதைச் சேர்க்கிறது. ஒரு நிறத்தை நிறையப் பார்த்தால் கண் அதற்கு எதிர்நிறத்தைப் பக்கத்திலுள்ள பொருளின் மேல் பூசிவிடும். பிரான்சில் மிஷெல் செவ்ரோல் என்ற இரசாயனவியலாளர் இதைத் துணி வழியாகத்தான் கண்டுபிடித்தார். பாரிஸ் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். நீலத் துணிக்கும் ஊதாத் துணிக்கும் நிழல் காட்டப் போடுகிற கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று அங்கே முறைப்பாடு. நூலைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் பிழை இல்லை. பிழை பக்கத்திலிருந்த நிறத்தில். 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார்.

எங்கள் பிள்ளைகளுக்கு நான் இதை இப்படிக் காட்டுவேன். ஒரே சாம்பல் கடதாசியை இரண்டாக வெட்டி ஒன்றை மஞ்சள் தாளிலும் மற்றதை நீலத் தாளிலும் ஒட்டுவேன். "சேர், இது ரெண்டும் ஒரே பேப்பரே இல்லை" என்று சண்டை பிடிப்பார்கள். கிழித்து எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் நம்புவார்கள்.

ஆகவே உங்கள் மனுசன் போனில் பார்த்த சாம்பல் உங்கள் மாம்பழச் சுவரில் வராது. அந்தப் படத்தில் சுவர் வெள்ளையாக இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். சாம்பல்தான் வேண்டுமென்றால் கபிலம் கலந்த சாம்பலைப் பாருங்கள், ஈரமில்லாத ஆற்று மணல் நிறம்.

முதிரைக்கதவு

சேர், கேட்டேன். படத்தை எடுத்துக் காட்டினார். சுவர் வெள்ளைதான். இப்போது சுவரைத் திரும்ப வெள்ளை அடிப்போமா என்கிறார்!

கச்சான்காற்று

நான் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். இது நியாயமான கோரிக்கை.

திருக்கோவிலான்

மெரூன் வாங்க நினைக்கிறவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். போன வருடம் கல்முனைப் பக்கம் ஒரு கடையில் கடும் சிவப்புத் துணி 14 மீற்றர் வாங்கினேன். கடைக்குள் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. வீட்டில் மஞ்சள் வெளிச்சம் வருகிற எல்ஈடி பல்ப் போட்டிருக்கிறோம். அதற்குக் கீழே துணி வெற்றிலை துப்பின நிறத்துக்கு வந்துவிட்டது.

அது போகட்டும். வாடைக்காற்று தொடங்கிய பிறகு ஒருநாள் யன்னலைச் சாத்தாமல் கோயிலுக்குப் போய்விட்டோம். சாரல் அடித்துத் துணி நனைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. வந்து பார்த்தால் யன்னலுக்குக் கீழே சுவர் முழுக்கச் சிவப்புக் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. அயல் வீட்டுப் பெடியன் எட்டிப் பார்த்துவிட்டு "அங்கிள், இங்க என்ன கிடா வெட்டினீங்களா" என்று கேட்டான். கடையில் போய்ச் சொன்னால், கழுவக் கூடாது என்று அப்போதே சொன்னோமே என்கிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை. இனி என்ன செய்ய, சுவருக்கு இரண்டு தரம் பெயின்ட் அடித்தும் உள்ளுக்கிருந்து ரோஸ் நிறம் மேலே வருகிறது.

தரம்_பார்ப்பவள் (அம்பாறை)

ஆடைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் வேலை செய்கிறேன். திருக்கோவில் அண்ணனுக்கு நடந்தது இரண்டு தனித்தனிச் சங்கதி.

முதலாவது வெளிச்சம். எங்களிடம் ஒரு பெட்டி இருக்கிறது. உள்ளே பகல் வெளிச்சம், கடை டியூப்லைட், வீட்டு மஞ்சள் பல்ப் என்று மாற்றி மாற்றிப் போடலாம். ஒரு வெளிச்சத்தில் அச்சொட்டாகப் பொருந்துகிற இரண்டு துணி அடுத்த வெளிச்சத்தில் பிரிந்து போகும். சட்டை உடம்பு ஒரு நிறம், கழுத்துப் பட்டி ஒரு நிறம் என்று வந்தால் முழு ஓடரும் திரும்பி வரும், அதனால் நாங்கள் இதில் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருப்போம். வீட்டில் பெட்டி வேண்டியதில்லை. பல்ப் மட்டையைப் பாருங்கள். 6500 கெல்வின் என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 2700 அல்லது 3000 என்று இருந்தால் மஞ்சள். மஞ்சள் பல்ப்புக்குக் கீழே நீலமும் சாம்பலும் அழுக்காகும், கபிலமும் கிறீமும் அழகாகும். கேர்ட்டின் வாங்க முந்தி ஹோலுக்கு எந்த பல்ப் என்று முடிவெடுங்கள். கொழுவின பிறகு பல்ப்பை மாற்றினால் கேர்ட்டினையே மாற்றின மாதிரி.

இரண்டாவது சாயம். வெள்ளைத் துணித்துண்டை நனைத்துப் பிழிந்து, வாங்கப்போகிற துணியில் பத்துத் தரம் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால் வேண்டாம். வெயிலுக்கு நிறம் வெளிறுவது இன்னொன்று, அது தேய்த்தால் தெரியாது. அதற்கு 1 முதல் 8 வரை ஒரு அளவு இருக்கிறது, நீலக் கம்பளித் துண்டுகளைத் துணியோடு சேர்த்து வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. 8 தான் மிக உறுதி. நானென்றால் யன்னலுக்கு 5க்குக் கீழே வாங்கமாட்டேன். ஆனால் உள்ளூர்க் கடையில் அந்த எண்ணைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே ஒரு சாண் துண்டு வாங்கி, பாதியைத் தடித்த மட்டையால் மூடி, மேற்கு யன்னலில் இரண்டு கிழமை ஒட்டி வையுங்கள். மட்டையை எடுத்தால் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வருடக் கடைசியில் மடிப்பின் வெளிப்பக்கம் ஒரு நிறம், உள்பக்கம் ஒரு நிறம் என்று நிற்கும்.

ராத்தா_அக்கரை (அக்கரைப்பற்று)

தங்கச்சி, நாங்கள் பெருநாளுக்குப் பெருநாள் கேர்ட்டின் மாற்றுகிற ஆட்கள், அதனால் எல்லா நிறமும் போட்டுப் பார்த்தாயிற்று. உங்கள் வீட்டில் ஒருவரும் பச்சையைப் பற்றிப் பேசவில்லையே? மஞ்சள் சுவருக்கும் முதிரை நிலைக்கும் நடுவில் பச்சை நன்றாக இருக்கும், வாழைத் தோட்டத்தைப் பார்க்கிற மாதிரி. ஆனால் குருத்துப் பச்சை வேண்டாம். நாங்கள் ஒரு பெருநாளைக்குக் குருத்துப் பச்சை போட்டோம், வெயில் அதற்குள்ளால் வந்து வீட்டிலிருந்த எல்லாருக்கும் முகம் பச்சையடித்துப் போச்சு. வந்த மாமி என் மகளைப் பார்த்து "பிள்ளைக்கு வருத்தமா?" என்று கேட்டார். பாசிப் பச்சை, காய்ந்த வேப்பிலைப் பச்சை, அப்படிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, வெள்ளை ஆசை இருந்தால் உள்ளுக்கு மெல்லிய நெட் போடுங்கள். அது வெளியில் போகிறவர்களை மறைக்கத்தானே, உங்கள் உம்மாவுக்கும் செத்தவீட்டு ஞாபகம் வராது. கடற்காற்றுக்கு நெட் பறந்து மேசையிலுள்ளதைத் தட்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பூச்சாடி போயிருக்கிறது.

முதிரைக்கதவு

ராத்தா, பச்சையைச் சொன்னேன். மூன்று பேரும் ஒன்றாக வேண்டாம் என்றோம். இந்த வீட்டில் ஒற்றுமையாக எடுத்த முதல் முடிவு, அதற்கு நன்றி. நெட் யோசனை அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

கச்சான்காற்று

ஒரு சந்தேகம். கடும் நிறம் போட்டால் வீடு குளிர்மையாக இருக்கும் என்று எங்கள் அப்பா சொல்வார். அவர் வீட்டில் எல்லாம் கடும் நீலம். ஆனால் ஹோலுக்குள் இருந்தால் கோழி அடைகாக்கிற பெட்டிக்குள் இருக்கிற மாதிரி.

நிலஅளவை

இருட்டாக இருந்தால் குளிர்மை என்று மனம் நினைக்கும், உடம்புக்குத் தெரியும். கடும் நிறத் துணி வெயிலை உறிஞ்சிச் சூடாகும். கண்ணாடிக்கு உள்ளே வந்துவிட்ட வெயில் அது, சூடு பெரும்பாலும் அறைக்குள்தான் இறங்கும். வெளியே பார்க்கிற பக்கம் வெள்ளை லைனிங் போட்டால் கணிசமான பகுதி கண்ணாடி வழியே திரும்பிப் போகும். உள்பக்கம் பிறகு எந்த நிறமும் இருக்கலாம். எல்லாவற்றையும் விட நல்லது வெயிலை வெளியிலேயே மறிப்பது. எங்கள் அம்மம்மா மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி தொங்கவிடுவார், பின்னேரம் அதில் கொஞ்சம் தண்ணீரும் தெளிப்பார். அதைப் போல எந்தக் கேர்ட்டினும் இல்லை.

பாவும்ஊடையும் (மருதமுனை)

எங்கள் வாப்பா தறியில் இருந்தவர். மருதமுனை சாரத்துக்கும் சாறிக்கும்தான் பெயர்போனது என்றாலும் கேர்ட்டினுக்குத் தோதான துணியும் தேடினால் கிடைக்கும். இங்கே ஒருவரும் நூலைப் பற்றிப் பேசவில்லை என்பதால் சொல்கிறேன்.

கடையில் கிடைக்கிற ஆலைத் துணி பெரும்பாலும் ஒரே நிறச் சாயத்தில் முக்கினது. கைத்தறியில் பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் போடலாம். பாவு கபிலம், ஊடை வெளிர் கிறீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு நூலும் தனித்தனியாகத் தெரியும், ஒரு கபிலப் புள்ளி, ஒரு கிறீம் புள்ளி. நாலடி தள்ளி நின்றால் இரண்டும் கலந்து கச்சான் கோது (நிலக்கடலை ஓடு) நிறம். மடிப்பு வளைகிற இடத்தில் ஒரு பக்கம் கபிலம் தூக்கலாகவும் மறுபக்கம் கிறீம் தூக்கலாகவும் தெரியும், காற்றில் அசையும்போது நிறம் ஓடுகிற மாதிரி இருக்கும். வெயில் பின்னுக்கிருந்து வந்தால் கிறீம் நூல் வழியாகத்தான் வெளிச்சம் வரும், கபில நூல் அதை அடக்கிக்கொள்ளும். அதனால் அறைக்குள் நிறம் கொட்டாது. ஊசிநூல் அக்கா சொன்ன சிவப்புச் சோற்றுப் பிரச்சினை இதில் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். பருத்தி சுருங்கும். ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவிட்டு, அயர்ன் பண்ணிய பிறகுதான் வெட்ட வேண்டும். அகலமும் குறைவாக இருக்கும், ஒட்டு அதிகம் வரும். மெல்லிய துணி இரண்டு மூன்று வருடம் கடும் வெயில் குடித்தால் இற்றுப்போகும், அந்த விசயத்தில் பொலியெஸ்டரைத் தோற்கடிக்க முடியாது. மாரியில் பூஞ்சணப் புள்ளியும் வரும். லைனிங் இல்லாமல் மேற்கில் போடாதீர்கள்.

ஊசிநூல்

தம்பி சொன்னது தங்கமான பேச்சு. நான் இப்போது அளவு சொல்கிறேன், எழுதி வையுங்கள் தங்கச்சி.

யன்னல் 60 அங்குலம். கம்பி இரண்டு பக்கமும் 6 அங்குலம் நீள வேண்டும், அப்போதுதான் கேர்ட்டினைத் திறந்தால் கண்ணாடி முழுக்கத் தெரியும். ஆக 72. சுருக்கு அழகாக விழ இரண்டு மடங்கு துணி வேண்டும், 144. உங்களுக்குக் கிடைக்கிற துணி 54 அங்குல அகலம் என்றால் மூன்று அகலம் போட வேண்டும். 162 வரும், சொட்டு அதிகம், நல்லது. கம்பியிலிருந்து தரைக்கு 90 அங்குலம் என்று வைத்தால், மேலே 4, கீழே மடிப்புக்கு 6, ஆக ஒரு துண்டு 100. மூன்று துண்டு 300 அங்குலம், அதாவது 7.6 மீற்றர். கைத்தறி என்றால் சுருக்கத்துக்குச் சேர்த்து யன்னலுக்கு 8 மீற்றர், இரண்டுக்கும் 16. பூப்போட்டது என்றால் பூவுக்குப் பூ பொருத்த இன்னும் வேண்டும்.

நிறத்துக்கும் சுருக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது. துணியில் கஞ்சத்தனம் பண்ணினால் சுருக்கு விழாது, வெளிச்சம் ஒற்றை மடிப்பால் வந்து நிறம் வெளிறிப்போகும். மடிப்பு நிறைய இருந்தால்தான் அதே துணி ஆழமாகத் தெரியும்.

லைனிங் போடுவதென்றால் இரண்டு யன்னலுக்கும் போடுங்கள். இது முக்கியம், மறக்காதீர்கள். கம்பிக்கு வளையம் வாங்கும்போது கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் அனேகமாக முலாம் பூசின இரும்பு, கல்லடி உப்புக் காற்றில் ஒரு மாரி தாங்காது. துரு வடிந்து வளையத்தைச் சுற்றிக் கபில வட்டம் விழும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

முதிரைக்கதவு

எல்லாரும் சொன்னபடி செய்தேன். அரை மீற்றர் அரை மீற்றராக நாலு துண்டு: மெரூன், மனுசனின் சாம்பல், ஒரு பாசிப் பச்சை (ராத்தா, எனக்காக), மருதமுனையில் வாங்கின கச்சான் கோது. யன்னலுக்குக் குறுக்கே கயிறு கட்டி, உடுப்புக் கொழுவுகிற கிளிப் போட்டு இரண்டு நாள் தொங்கவிட்டேன். ஒழுங்கையால் போனவர்கள் வீட்டில் உடுப்புக் காயப்போடுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

காலை 7 மணிக்குக் கடல் பக்கம்: மெரூன் எரிகிற தணல் மாதிரி, அழகுதான், ஆனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சாம்பல், சேர் சொன்ன மாதிரியே, பள்ளிக்கூடப் பென்சில் பெட்டி நீலத்துக்கு வந்தது. மனுசன் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீர் குடித்தார். பின்னேரம் 4 மணிக்கு வாவிப் பக்கம்: அம்மா தானாகவே ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து மெரூன் துண்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தார். தடித்த துணிதான், சிவக்கவில்லை. ஆனால் அந்த மூலையே இருண்டு போயிருந்தது. "இதுக்குள்ள ஊசியில நூல் கோர்க்கேலாது" என்று அவரே எடுத்துவிட்டார். இரவு 8 மணிக்குக் கச்சான் கோதும் மெரூனும் இரண்டும் நன்றாக இருந்தன. பச்சை எப்போதும் சுமாராக இருந்தது, ராத்தா மன்னிக்க வேண்டும்.

முடிவு: ஹோலுக்குக் கச்சான் கோது. ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மெரூன் பட்டி, அது அம்மாவுக்கு. சாமி அறை வாசலுக்கு முழு மெரூன், அங்கே யன்னல் இல்லை, வெளிச்சத் தகராறும் இல்லை. எங்கள் படுக்கையறைச் சுவர் வெள்ளை, அங்கே மனுசனின் சாம்பல். உள்ளுக்கு வெள்ளை நெட்.

கச்சான்காற்று

படுக்கையறைக்குத் தள்ளிவிட்டீர்கள். இருந்தாலும் வெற்றி வெற்றிதான்.

முதிரைக்கதவு

கொழுவியாயிற்று. ஒரு சின்னப் பிரச்சினை. செலவு கையைக் கடித்தபடியால் மேற்கு யன்னலுக்கு மட்டும் லைனிங் போட்டேன். கிழக்குக்குக் காலை வெயில்தானே, போகட்டும் என்று விட்டேன். இப்போது காலையில் கிழக்குக் கேர்ட்டின் தேன் நிறத்தில் ஒளிர்கிறது, மேற்கில் இருக்கிறது காய்ந்த மண் மாதிரி மங்கிக் கிடக்கிறது. வந்த சித்தி, "துணி போதாமப் போய் வேற துணியில தைச்சதா?" என்று கேட்டார்.

ஊசிநூல்

இரண்டுக்கும் போடச் சொன்னேனா இல்லையா?

முதிரைக்கதவு

சொன்னீர்கள் அக்கா. முக்கியம், மறக்காதீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், இப்போதுதான் திரும்பப் போய் வாசித்தேன். குடிபூரல் முடியட்டும், கழற்றிக்கொண்டு ஆரையம்பதிக்கு வருகிறேன். கீழ் மடிப்பை இன்னும் தைக்கவில்லை, நூலோட்டித்தான் விட்டிருக்கிறேன்.

ஊசிநூல்

அது நல்லது. பருத்தி தொங்கத் தொங்க அரை அங்குலம் இறங்கும். வரும்போது லைனிங் துணியையும் முதலில் நனைத்துக் காயவைத்துக் கொண்டு வாருங்கள்.